மூச்சை அளந்த மருத்துவர் ஜான் ஹட்சின்சன்

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி ஒருவர் எழுதியது)

முன்னுரை

உணவின்றிப் பல நாள் உயிர் வாழலாம். நீரின்றிச் சில நாள் தாக்குப் பிடிக்கலாம். ஆனால் மூச்சின்றிச் சில நிமிடங்கள்கூட வாழ இயலாது என்பது நாம் அனைவரும் அறிந்ததே. அரிசியைப் படியால் அளக்கிறோம். பாலை லிட்டரால் அளக்கிறோம். துணியை மீட்டரால் அளக்கிறோம். கண்ணுக்குப் புலப்படாத மூச்சை எதனால் அளப்பது? இக்கேள்விக்கு விடை கண்டு, அதைக் கருவியாகச் செய்து காட்டி, ஆயிரக்கணக்கானோரை அளந்தும் பார்த்த ஓர் ஆங்கில மருத்துவரின் வாழ்க்கையை இக்கட்டுரையில் காண்போம்.

இவரைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்குக் காரணம் எங்கள் வீட்டிலேயே இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையில் எங்கள் வீடு. என் பாட்டியின் இளமைக் காலத்தில் இங்கே ஏரியும் நெல் வயலும்தான் இருந்தனவாம். இன்று சிப்காட் தொழிற்பேட்டைகள் நிறைந்துவிட்டன. பொழுது விடியுமுன்னே கம்பெனிப் பேருந்துகள் வரிசையாக வந்து ஆட்களை ஏற்றிச் செல்கின்றன. என் வகுப்புத் தோழியரில் பலருடைய தந்தையரும் அண்ணன்மாரும் அப்பேருந்துகளில் செல்பவர்களே. என் அப்பா ஒரு ஃபவுண்டரியில் ஒப்பந்தத் தொழிலாளராக இருந்தார். வார்த்தெடுத்த இரும்பு உதிரிகளின் பிசிறுகளைக் கிரைண்டிங் சக்கரத்தில் தேய்த்து எடுப்பது அவர் வேலை.

ஆண்டுக்கு ஒருமுறை அங்கே மருத்துவச் சோதனை நடக்கும். கண், இரத்தம், எடை எல்லாம் பார்த்த பிறகு, மூக்கில் ஒரு கிளிப்பை மாட்டி, ஒரு குழாயை வாயில் வைத்து, பலங்கொண்ட மட்டும் ஊதச் சொல்வார்களாம். பிறகு ஒரு தாள் கொடுப்பார்கள். அதில் ‘நார்மல்’ என்று அச்சிட்டிருக்கும். அம்மா அதைக் குடும்ப அட்டை வைத்திருக்கும் தகரப் பெட்டியில் பத்திரமாக வைப்பார். அந்த ஊதும் கருவி எங்கிருந்து வந்தது என்று தேடத் தொடங்கியதுதான் இக்கட்டுரையில் வந்து முடிந்தது.

பிறப்பும் கல்வியும்

ஜான் ஹட்சின்சன் 1811-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் வடபகுதியில், நியூகாசில் நகருக்கு அருகே ரைட்டன் என்னும் ஊரில் பிறந்தார். அது நிலக்கரி வெட்டும் சீமை. சுரங்கத்துக்குள் இறங்கி உழைப்போரும், கரித்தூளைச் சுவாசித்து இருமுவோரும் நிறைந்த நாடு. பின்னாளில் அவர் மூச்சைப் பற்றியே ஆராயத் தலைப்பட்டது பொருத்தமே எனலாம்.

அவர் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் மருத்துவம் பயின்றார். 1836-இல் அறுவை மருத்துவர் குழுவின் உறுப்பினராகத் தேர்ச்சி பெற்றார். பின்பு இலண்டனிலேயே மருத்துவப் பணி செய்தார். பிரித்தானியா என்னும் ஆயுள் காப்பீட்டுக் கம்பெனிக்கு மருத்துவராகவும், பிராம்ப்டன் காசநோய் மருத்துவமனையில் துணை மருத்துவராகவும் இருந்தார்.

அக்கால இலண்டன்

அன்றைய இலண்டனில் காசநோய் கொடிய கூற்றுவனாக உலவியது. ஏழை, பணக்காரர் என்ற வேறுபாடின்றி இளைஞர்களை அது அள்ளிக்கொண்டு போயிற்று. அந்நோயின் கிருமியை இராபர்ட் காக் கண்டுபிடித்தது 1882-இல்தான். இராண்ட்ஜென் எக்ஸ்-கதிரைக் கண்டது 1895-இல்தான். ஹட்சின்சன் காலத்து மருத்துவர்களுக்கு இருந்த துணை, 1816-இல் பிரான்சு நாட்டு இலானெக் உருவாக்கிய ஸ்டெதாஸ்கோப் ஒன்றே. அதை நெஞ்சில் வைத்து ஓசை கேட்டு நோயைக் கண்டறிவார்கள். ஓசை மாறுவதற்குள் பல நேரங்களில் நோய் முற்றிவிடும்.

காப்பீட்டுக் கம்பெனிகளுக்கும் இது பெருங்கவலையாக இருந்தது. இன்று நலமாகத் தோன்றும் ஒருவருக்கு ஆயுள் காப்பீடு கொடுத்துவிட்டு, அடுத்த ஆண்டே அவர் இறந்தால் கம்பெனிக்கு நட்டம். ஆகையால் நோய் வெளியே தெரியுமுன்னே அதைக் கண்டறிய வழி உண்டா என்று அவர்கள் தேடினர். ஹட்சின்சனின் கருவி பிறந்ததில் நோயாளியைக் காக்கும் எண்ணமும் இருந்தது. கம்பெனியின் கணக்கும் இருந்தது. இதை நாம் மறத்தலாகாது.

கருவி பிறந்த கதை

மூச்சை அளக்க முயன்றவர்களில் ஹட்சின்சன் முதல்வர் அல்லர். இத்தாலியரான பொரெல்லி 17-ஆம் நூற்றாண்டிலேயே ஒரு மூச்சில் எவ்வளவு காற்று என்று அளக்க முயன்றார். ஹம்பிரி டேவி 1800-ஆம் ஆண்டளவில், ஊதி முடித்த பின்னும் நுரையீரலில் தங்கும் காற்றை ஹைட்ரஜன் வாயுவின் துணையால் கணக்கிட்டார். ஆயினும் எவரையும் எளிதாக நிறுத்தி அளக்கத்தக்க கருவியையும், அளந்ததற்குப் பொருள் சொல்லும் கணக்கையும் சேர்த்துத் தந்தவர் ஹட்சின்சனே.

அக்கருவிக்கு அவர் ஸ்பைரோமீட்டர் என்று பெயரிட்டார். அதன் அமைப்பு மிக எளியது. தண்ணீர் நிரம்பிய ஓர் உருளைப் பாத்திரம். அதனுள் இன்னோர் உருளை தலைகீழாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். கிணற்று இராட்டினத்தில் கயிறு ஓடுவதுபோல், கப்பியின்மேல் ஓடும் கயிற்றில் எதிர் எடைகள் தொங்கும். அதனால் கவிழ்த்த உருளை கனமின்றி மிதக்கும். குழாய் வழியே ஊதினால் காற்று உள்ளே புகுந்து அதை மேலே உயர்த்தும். எவ்வளவு உயர்ந்தது என்பதை அளவுகோலில் பார்த்தால், ஊதிய காற்றின் அளவு தெரிந்துவிடும்.

சட்டையைத் தளர்த்தி, நிமிர்ந்து நின்று, முடிந்த மட்டும் மூச்சை உள்ளே இழுத்து, பின்பு முடிந்த மட்டும் வெளியே ஊத வேண்டும். இவ்வாறு வெளிவரும் காற்றின் அளவுக்கு அவர் சூட்டிய பெயர்தான், நாம் பாடநூலில் படிக்கும் உயிர்ப்புத்திறன். நாம் சாதாரணமாக ஒருமுறை மூச்சுவிடுகையில் ஏறத்தாழ அரை லிட்டர் காற்றுத்தான் போய் வருகிறது. ஆழ இழுத்தால் கூடுதலாகக் கொள்ளும் காற்று ஒன்று. அழுத்தி ஊதினால் கூடுதலாக வெளியேறும் காற்று ஒன்று. எவ்வளவு ஊதினாலும் வெளியேறாமல் தங்கிவிடும் காற்று ஒன்று. இவ்வாறு மூச்சைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பெயரிட்டு விளக்கியவரும் அவரே.

இதை எங்கள் ஆய்வகத்தில் நாங்களும் செய்து பார்த்தோம். ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் கேனில் அரை லிட்டருக்கு ஒரு கோடு போட்டு, தண்ணீர் நிரப்பி, வாளித் தண்ணீரில் கவிழ்த்து, அடியில் இரப்பர் குழாயைச் செருகி ஊதினோம். காற்று ஏற ஏறத் தண்ணீர் இறங்கியது. எல்லாரிலும் உயரமான தோழி ஊதியபோதே தண்ணீர் மிகுதியாக இறங்கியது. குண்டான பெண்ணே வெல்வாள் என்று பந்தயம் கட்டியவர்கள் தோற்றார்கள்!

2,130 பேர்

ஹட்சின்சனின் பெருமை கருவியைச் செய்ததோடு முடியவில்லை. அதைத் தூக்கிக்கொண்டு அவர் மக்களிடம் சென்றார். 1846-இல் அவர் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வுரையில் 2,130 பேரை அளந்த கணக்கு உள்ளது. அப்பட்டியலைப் படித்தால் அன்றைய இங்கிலாந்தே நம் கண்முன் வந்து நிற்கிறது. கப்பலோட்டிகள் 121 பேர். இலண்டன் தீயணைப்பாளர் 82 பேர். மாநகரக் காவலர் 144 பேர். தேம்ஸ் ஆற்றுக் காவலர் 76 பேர். கடற்படைப் போர்வீரர் 573 பேர். வறியோர் 129 பேர். பல தொழில் செய்வோர் 370 பேர். அச்சுக் கோப்போர் 43 பேர். அச்சு இயந்திரம் ஓட்டுவோர் 30 பேர். வண்டிக்காரர் 20 பேர். குத்துச்சண்டை, மற்போர் செய்வோர் 24 பேர். கனவான்கள் 97 பேர். மிக உயர்ந்தவரும் மிகக் குள்ளரும் சேர்த்து 4 பேர். நோயாளிகள் 60 பேர். இவர்களோடு படைவீரர் பலரும் இருந்தனர்.

அப்பட்டியலில் பெண்பிள்ளைகள் எத்தனை பேர் தெரியுமா, தோழியரே? 26 பேர் மட்டுமே! இதைப் படித்தபோது எனக்குச் சற்று வருத்தமாகவே இருந்தது.

கணக்குக் காட்டிய உண்மைகள்

இத்தனை பேரை அளந்த பின் மூன்று உண்மைகள் தெளிவாயின.

முதலாவது, உயரம். ஐந்து அடிக்கும் ஆறு அடிக்கும் இடைப்பட்டவர்களில், உயரம் ஓர் அங்குலம் கூடினால் உயிர்ப்புத்திறன் 8 கன அங்குலம் கூடுகிறது என்று அவர் கண்டார். நம் கணக்கில் அது ஏறத்தாழ 130 மில்லி லிட்டர். மார்பின் சுற்றளவு பெரிதாக இருந்தால் மூச்சும் பெரிதாக இருக்கும் என்ற பழைய நம்பிக்கை இதனால் தகர்ந்தது.

இரண்டாவது, வயது. முப்பது வயதுக்குமேல் ஆண்டுக்குச் சுமார் ஒன்றரைக் கன அங்குலம், அதாவது 25 மில்லி லிட்டர், குறைந்துகொண்டே வருகிறது என்று அவர் கணித்தார். இக்கால அறிஞர்கள் சொல்லும் அளவும் இதற்கு மிக அருகிலேயே உள்ளது. தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்து அவர் போட்ட கணக்கு இது என்பதை எண்ணினால் வியப்பாக இருக்கிறது.

மூன்றாவது, நோய். காசநோய் கண்டவர்களின் உயிர்ப்புத்திறன், வேறு குறிகள் தோன்றுமுன்னரே குறையத் தொடங்குகிறது. இதற்கு அவர் காட்டிய சான்று ஒன்று என் மனத்தை விட்டு அகலவில்லை.

அமெரிக்க இராட்சதன்

1842-இல் ஃபிரீமன் என்னும் அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் இலண்டனுக்கு வந்தார். ஏறத்தாழ ஏழடி உயரம் கொண்டவர். மக்கள் அவரை அமெரிக்க இராட்சதன் என்றே அழைத்தனர். ஹட்சின்சன் அவரை ஊதச் செய்தார். 434 கன அங்குலம்! அதாவது ஏழு லிட்டருக்கும் மேல்.

இரண்டு ஆண்டுகள் கழித்து அதே ஃபிரீமன் மீண்டும் வந்தார். உடல் மெலிந்திருந்தது. நெஞ்சோசை கேட்பதில் தேர்ந்த மருத்துவர்களாலும் குறை ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் ஸ்பைரோமீட்டரில் ஊதியபோது அவருடைய மூச்சு முன்னிருந்ததில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. 1845 அக்டோபரில் அவர் காசநோயால் இறந்துபோனார்.

இதில் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். குறைந்த பின்னும் ஃபிரீமனின் மூச்சு ஒரு சாதாரண மனிதனின் மூச்சைவிட மிகுதியாகவே இருந்தது! பிறரோடு ஒப்பிட்டவர்களுக்கு அவர் அப்போதும் இராட்சதனே. அவரை அவருடைய பழைய அளவோடு ஒப்பிட்ட ஹட்சின்சனுக்கு மட்டுமே அவர் நோயாளி என்று தெரிந்தது. தேர்வு மதிப்பெண்ணைப் பக்கத்து இருக்கைக்காரியோடு ஒப்பிடாமல், சென்ற தேர்வில் நாம் வாங்கியதோடு ஒப்பிடு என்று ஆசிரியைகள் நமக்குச் சொல்வதும் இதுதானே!

எதிர்பாராத பயணம்

இத்தனை அரிய கண்டுபிடிப்பைச் செய்தவர் பெரும்பேறு பெற்று வாழ்ந்திருப்பார் என்றே நாம் நினைப்போம். நடந்தது அதுவன்று. கருவி பெரியது, இடத்தை அடைத்தது. ஊதுபவர் முழு மனத்தோடு ஊதாவிட்டால் கணக்குப் பிழையாகும். ஸ்டெதாஸ்கோப்பைப்போல் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள இயலாது. ஆகவே பல மருத்துவர்கள் அதைப் பாராட்டினார்களே தவிர, நாள்தோறும் பயன்படுத்த முன்வரவில்லை.

1852-இல் ஹட்சின்சன் ஸ்பைரோமீட்டர், ஸ்டெதாஸ்கோப், எடைத் தராசு ஆகிய மூன்றையும் கொண்டு நெஞ்சு நோயைக் கண்டறிவது பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதே ஆண்டில் இங்கிலாந்தை விட்டே புறப்பட்டுவிட்டார்! ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 1851-இல் தங்கம் கிடைத்திருந்தது. உலகெங்கிலுமிருந்து மக்கள் அங்கே ஓடினர். அந்தக் கூட்டத்தில் மூச்சை அளந்த மருத்துவரும் ஒருவராகச் சென்றார்.

ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் அங்கே கழித்தபின், 1861-இல் அவர் பசிபிக் பெருங்கடலிலுள்ள பிஜித் தீவுக்குச் சென்றார். சென்ற அந்த ஆண்டே, ஜூலை மாதத்தில், தம் ஐம்பதாம் வயதளவில் அங்கே காலமானார். பின்னாளில், 1903 முதல், சென்னைத் துறைமுகத்திலிருந்து நம் தமிழ் மக்களும் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேறிச் சென்றது இதே பிஜித் தீவுக்குத்தான். இரண்டாயிரம் பேரின் மூச்சைக் கணக்கிட்டவர், சொந்த நாட்டுக்கு அப்பால், ஒரு தொலைதூரத் தீவில் தம் கடைசி மூச்சை விட்டார்.

கருவி கண்ட நன்மையும் தீமையும்

ஹட்சின்சன் மறைந்தாலும் அவர் கருவி மறையவில்லை. ஆனால் நல்ல கருவியும் தீயோர் கையில் தீமையே செய்யும் என்பதற்கும் அது சான்றாயிற்று. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் அடிமை முறை இருந்த காலத்தில், கார்ட்ரைட் என்னும் மருத்துவர் கறுப்பின அடிமைகளின் நுரையீரல் ஆற்றல் குறைவு என்று எழுதி, தோட்டத்தில் உழைப்பதே அவர்களுக்கு நன்மை என்று அடிமைத்தனத்துக்கு நியாயம் கற்பித்தார். அவ்வழியே பிறந்த எண்ணம் நெடுங்காலம் நீடித்தது. ஊதுபவரின் இனத்தைக் கேட்டு, அதற்கேற்ப இவருக்கு இவ்வளவு போதும் என்று அளவைக் குறைத்துவைக்கும் வழக்கம் கருவிகளுக்குள்ளேயே புகுந்தது. 2023-இல்தான் அமெரிக்க மார்பு மருத்துவச் சங்கம், இனத்தைக் கொண்டு அளவை மாற்ற வேண்டாம் என்று பரிந்துரைத்தது.

நன்மைகளும் பல உண்டு. 1947-இல் பிரான்சு நாட்டு டிஃப்னோ, பினெல்லி என்போர், எவ்வளவு ஊதுகிறோம் என்பதோடு முதல் ஒரு வினாடியில் எவ்வளவு ஊதுகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும் என்று காட்டினர். ஆஸ்துமா போன்ற நோய்களில் மூச்சுக்குழல் சுருங்கியிருப்பதால் காற்று மெதுவாகவே வெளியேறும். இதை ஹட்சின்சனின் தண்ணீர்க் கருவி காட்டவில்லை. இன்று கைக்குள் அடங்கும் கருவி இரண்டையும் ஒரே ஊதலில் காட்டுகிறது.

நம் சென்னையிலும் இந்த ஆய்வு நடந்திருக்கிறது என்பதை அறிந்து நான் பெருமகிழ்ச்சி அடைந்தேன். சென்னைப் பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் பணியாற்றிய எலினார் மேசன் என்னும் அம்மையார், தென்னிந்தியப் பெண்களின் உயிர்ப்புத்திறன் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்கு உயரம், எடை முதலியவற்றைக் கொண்டு கணக்கு வகுத்து 1932-இல் வெளியிட்டார். அதே காலத்தில் தென்னிந்திய மருத்துவ மாணவர் 103 பேரை அளந்த ஆய்வும் வெளிவந்தது. 1990-இல் சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையத்தாரும் நம் ஊர் இளைஞர்களை அளந்து எழுதினர். ஹட்சின்சன் 26 பெண்பிள்ளைகளோடு நிறுத்திய இடத்தில், நம் சென்னையில் ஓர் அம்மையார் பெண்களையே முதன்மையாக வைத்து அளந்திருக்கிறார் என்பது நமக்குப் பெருமையன்றோ!

ஆனால் அளவுகோல் எதுவாயினும் அதில் ஓர் ஆபத்து உண்டு. அதை மிக உயர்வாக வைத்தால் நலமுள்ளவரும் நோயாளியாகத் தெரிவார். மிகத் தாழ்வாக வைத்தால் நோயாளியும் ‘நார்மல்’ ஆகிவிடுவார்.

தகரப் பெட்டியிலிருந்த தாள்கள்

ஃபிரீமனின் கதையைப் படித்த அன்று மாலை நான் தகரப் பெட்டியைத் திறந்தேன். அப்பாவின் மூன்று ஆண்டுத் தாள்களையும் எடுத்துத் தரையில் வரிசையாக வைத்தேன். 2023-இல் 3.41 லிட்டர். 2024-இல் 3.36 லிட்டர். 2025-இல் 3.02 லிட்டர். மூன்று தாள்களிலும் ‘நார்மல்’ என்றே அச்சிட்டிருந்தது. முதல் ஆண்டுக் குறைவு வயதுக்குரியதைவிடச் சற்றே கூடுதல், அவ்வளவுதான். அடுத்த ஆண்டில் மட்டும் 340 மில்லி லிட்டர் போயிருக்கிறது. ஒவ்வொரு தாளையும் அந்தந்த ஆண்டு யாரோ பார்த்திருக்கிறார்கள். மூன்றையும் சேர்த்து வைத்து ஒருவரும் பார்க்கவில்லை.

எனக்குக் கைகால் நடுங்கியது. மறுநாள் அறிவியல் சிஸ்டரிடம் காட்டினேன். சளி இருந்தாலோ, சரியாக ஊதாவிட்டாலோ அளவு குறையலாம் என்றும், அஞ்ச வேண்டாம், ஆனால் மருத்துவரிடம் காட்டாமலும் இருக்க வேண்டாம் என்றும் அவர் சொன்னார்.

அப்பாவோ முதலில் மறுத்தார். நுரையீரலில் குறை என்று வெளியே தெரிந்தால் ஒப்பந்த வேலை போய்விடும் என்பது அவர் அச்சம். ஊதும் நாளன்று அவரோடு வேலை செய்யும் எல்லாருக்கும் அதே அச்சம்தானாம். அம்மாதான் பிடிவாதமாக நின்று அவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். நானும் உடன் சென்றேன்.

மருத்துவர் அம்மா மூன்று தாள்களையும் பொறுமையாகப் பார்த்தார். அப்பாவை மூன்று முறை ஊதச் சொல்லி, அவற்றில் சிறந்ததை எடுத்துக்கொண்டார். 3.08 லிட்டர். குறைவு உண்மைதான் என்று தெரிந்தது. எக்ஸ்-ரே எடுத்தார்கள். அதில் தழும்பு எதுவும் தெரியவில்லை. வார்ப்பில் ஒட்டியிருக்கும் மணலைத் தேய்க்கும்போது எழும் நுண்ணிய தூசி நுரையீரலுக்குள் படிந்தால், அங்கே தழும்பு உண்டாகும் என்றும், உண்டான தழும்பைப் போக்க மருந்து இல்லை என்றும், இப்போதே தூசியை விட்டு விலகுவதுதான் வழி என்றும் அவர் விளக்கினார். ஆறு மாதம் கழித்து மீண்டும் வந்து ஊத வேண்டும் என்றும் சொன்னார்.

அப்பா கேட்டதன்பேரில் மேற்பார்வையாளர் அவரைப் பேக்கிங் பகுதிக்கு மாற்றினார். வேலை போகவில்லை. ஆனால் ஓவர்டைம் இல்லை. இரவு ஷிப்டுக்கான படியும் இல்லை. வீட்டில் பணம் குறைந்திருக்கிறது. அம்மா இரவில் கூடுதலாகத் தையல் தைக்கிறார். நான் மாலை டியூஷனை நிறுத்திவிட்டு, பள்ளியிலேயே தங்கிப் படித்து வருகிறேன். அடுத்த அளவு என்ன சொல்லுமோ என்ற கவலை எங்கள் எல்லாருக்கும் உண்டு.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அப்பா இதைத் தம்மோடு வைத்துக்கொள்ளவில்லை. கிரைண்டிங் பகுதியில் இருக்கும் நண்பர்களிடம் பழைய தாள்களைத் தேடி எடுத்து வரிசையாக வைத்துப் பார்க்கச் சொன்னார். ஒருவர் தாள்களையெல்லாம் எறிந்துவிட்டாராம். இருவர் எங்கள் வீட்டுக்கே எடுத்து வந்தனர். நான் அவர்களுக்கு வரைதாளில் கோடு போட்டுக் காட்டினேன். ஒருவருடைய கோடு ஏறத்தாழ நேராக இருந்தது. மற்றவருடையது இறங்கியிருந்தது. அவரும் இப்போது மருத்துவரிடம் சென்று வருகிறார்.

முடிவுரை

ஹட்சின்சனின் கருவி முதலில் காப்பீட்டுக் கம்பெனியின் கணக்குக்குப் பயன்பட்டது. ஒருவரை ஏற்பதா, தள்ளுவதா என்று முடிவு செய்ய உதவியது. அதே கருவி ஒருவரைக் காக்கவும் உதவும். எண் ஒன்றுதான், அது யாருக்காகப் படிக்கப்படுகிறது என்பதில்தான் வேறுபாடு. போபால் நச்சுவாயு விபத்துக்குப் பின், 1987-இல், 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம், ஆபத்தான வேலை செய்வோரின் உடல்நலப் பதிவேடுகள் அத்தொழிலாளர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்று வகுத்தது. ஊதியவரே தம் அளவைப் பார்த்து அறிய வேண்டும் என்பதுதானே அதன் கருத்து!

ஆகவே இம்மலரைப் படிக்கும் தோழியரே, பெற்றோரே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் யாரேனும் தூசியிலோ, வண்ணப் பூச்சுப் புகையிலோ, வெல்டிங் புகையிலோ வேலை செய்பவராக இருந்தால், அவர் ஊதிப் பெற்ற தாள்களை எறிந்துவிடாதீர்கள். ஆண்டு வாரியாக அடுக்கி வையுங்கள். ‘நார்மல்’ என்ற சொல்லை மட்டும் பார்த்து நிறுத்திவிடாமல், சென்ற ஆண்டின் எண்ணையும் அருகில் வைத்துப் பாருங்கள். கோடு இறங்கினால் அஞ்சி மறைக்காதீர்கள்; மருத்துவரிடம் காட்டுங்கள். ஹட்சின்சன் 180 ஆண்டுகளுக்கு முன் தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்துக்கொண்டு செய்தது இதைத்தான். நமக்குத் தேவை ஒரு தகரப் பெட்டியும், ஒரு பென்சிலும், ஒரு வரைதாளும் மட்டுமே.